இருபத்து மூன்று மூட்டையும் கடைசி ஒண்டிக்கட்டையும்

முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பத்தாயிரத்துக்கு நாலு குறைவான அரிசி மூட்டைகளை அடுக்கிய அட்டிக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று நான் நம்பினேன். முப்பத்திரண்டு வயதில், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பனாக, கிராணி உத்தியோகத்துக்கு உரிய கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நம்பினேன். நம்பினதோடு விட்டேனா? அட்டியின் பக்கத்தில் போய், மூட்டைமேல் வாயை ஒட்டினாற்போல் வைத்து, "அண்ணே, உள்ள இருக்கீங்களா" என்று கேட்டேன். திருடனாகவே இருந்தாலும் வயதில் மூத்தவனாக இருக்கலாம். மரியாதை கெடக்கூடாது பாருங்கள்.

நான் அப்படிக் கேட்டதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள், கிட்டங்கியில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என் மானம் நடுவில் வந்து விழுந்துவிட்டது.

பினாங்கில் வெல்ட் கீ கடற்கரையை ஒட்டி வரிசையாகக் கிட்டங்கிகள். அதில் ஒன்றில் நான் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி. கிட்டங்கிக் கதவுக்கு உள்பக்கம், வெளிச்சம் விழும் இடத்தில், ஒரு பழைய பீப்பாய் மூடியைப் போட்டு அதன்மேல் அக்கா உட்கார்ந்திருப்பாள். கிழிந்த கோணிகளைத் தைப்பது அவள் வேலை. ஒரு சாண் நீளக் கோணி ஊசி, மடியில் சணல் உருண்டை, கழுத்தில் ஜெபமாலை. நாற்பதுக்கு மேல் இருக்கும். கன்னியர் மடத்துப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தவள் என்று சொல்வார்கள். வாய்ப்பாடு வந்ததும் போதும் என்று எழுந்து வந்துவிட்டாளாம்.

அவளுக்கு ஒரு வழக்கம். எந்த எண் கண்ணில் பட்டாலும், அது எந்த வகை என்று தெரியாமல் விடமாட்டாள். ரிக்‌ஷாவின் பின்னால் தகரத்தில் எழுதிய எண், தேயிலைப் பெட்டியில் குத்திய எண், டிராம் சீட்டில் அச்சடித்த எண், எதுவானாலும் சரி. டிராமில் ஐந்து இலக்கச் சீட்டு ஒன்று கையில் வந்துவிட்டால் அவள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியதே கிடையாது. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவாள். முகத்தைப் பார்த்தால் யாரோ சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி இருக்கும்.

வகைகளுக்கு அவளே பேர் வைத்திருந்தாள். எல்லாம் கிட்டங்கியில் பார்த்த சங்கதிதான். பன்னிரண்டு மூட்டை இருந்தால் மூன்று வரிசை நாலு, இரண்டு வரிசை ஆறு என்று எப்படியும் சமமாக உட்கார வைக்கலாம். அது உட்காருகிற எண். எத்தனை விதமாக உட்காருகிறதோ அத்தனை பெரிய குடும்பஸ்தன். பதின்மூன்று மூட்டையை என்ன செய்தாலும் சமமான வரிசைகளாகப் போட முடியாது. ஒரே நீள வரிசையாக நிற்கும், இல்லாவிட்டால் ஒரு மூட்டை துருத்திக்கொண்டு கிடக்கும். அது ஒண்டிக்கட்டை. ஒன்று? "ஒண்ணு எந்தச் சாதியிலயும் சேராது கிராணியாரே. அது மூட்டை, அவ்வளவுதான்" என்பாள்.

பீப்பாய் எண் என்று இன்னொரு வகை. பீப்பாய்களை மூட்டை மாதிரி அடுக்க முடியாது. அடியில் பதினேழு வைத்தால் அதன்மேல் பதினாறு, அப்புறம் பதினைந்து என்று கூம்பிக்கொண்டே போய் உச்சியில் ஒன்று உட்காரும். அப்படிப் பதினேழில் ஆரம்பித்தால் மொத்தம் நூற்று ஐம்பத்து மூன்று. "நூத்தம்பத்து மூணு மணி ஜெபம் சொல்றோமே, அது பீப்பாய்" என்று ஒரு நாள் எனக்கு விளக்கினாள். அப்போது ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை? "அது ஒண்டிக்கட்டை. மாதாவுக்கு ஒண்டிக்கட்டைங்க மேல கொஞ்சம் எரக்கம் உண்டு." இதைப் பங்குச் சாமியாரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினார் என்று கேள்வி.

ஒரு நாள் காலையில் கிட்டங்கி முழுக்க ஆளுக்கு இரண்டு பீசாங் கோரேங், அதாங்க வாழைப்பழப் பொரியல், இலையில் வைத்துக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று ஆளாளுக்கு ஊகித்தோம். தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நான் அடித்துச் சொல்லி வாழ்த்தும் சொல்லிவிட்டேன். விஷயம் அதில்லை. எட்டாயிரத்து நூற்று இருபத்தெட்டு என்ற எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கிற, அதைவிடச் சின்ன எண்களை எல்லாம் கூட்டினால் திரும்ப அதே எட்டாயிரத்து நூற்று இருபத்தெட்டு வருகிறதாம். ஆறு அப்படி, இருபத்தெட்டு அப்படி, நானூற்றுத் தொண்ணூற்றாறு அப்படி. அதற்கப்புறம் வருஷக்கணக்காகத் தேடி இது நாலாவது கிடைத்திருக்கிறது. "கொறையும் இல்ல, மிச்சமும் இல்ல, சரிக்குச் சரி" என்று சொல்லி எனக்கு மூன்றாவதாக ஒன்று வைத்தாள். புரியாவிட்டாலும் சாப்பிட்டேன்.

அதிர்ஷ்ட எண் கேட்டு வருகிறவர்களும் உண்டு. பினாங்கில் சூதாட்டத்துக்கு எண் கேட்காத ஆள் யார்? கனவில் பாம்பு வந்தது, எந்த எண்ணில் கட்டலாம் என்று சுமைகூலிகள் அவள் முன்னால் குந்துவார்கள். அவள் ஊசியை நிறுத்தாமலே சொல்வாள், எண்ணுக்கு நல்லது கெட்டது தெரியாது, உட்காருமா உட்காராதா என்பது மட்டும்தான் தெரியும் என்று. அவர்கள் அதிலும் ஏதோ சூட்சுமம் இருப்பதாக நினைத்துக்கொண்டு போய்த் தோற்றுவிட்டு வருவார்கள்.

அவளை ஒரு தடவை மடக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. என் வீட்டு மாடியில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, இந்த ஆறையும் ஒன்றோடு ஒன்று பெருக்கி, அதோடு ஒன்றைக் கூட்டு. முப்பதாயிரத்து முப்பத்தொன்று வரும். அந்த ஆறில் எதைக் கொண்டு வகுத்தாலும் ஒன்று மிஞ்சும், ஆகவே அது ஒண்டிக்கட்டை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். மறுநாள் மார்பை நிமிர்த்திக்கொண்டு போய், "அக்கா, முப்பதாயிரத்து முப்பத்தொண்ணு ஒண்டிக்கட்டை. முடிஞ்சா உட்கார வையி பார்ப்போம்" என்றேன். அவள் ஊசியில் சணல் கோத்தாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எங்கள் கிட்டங்கியைக் காவல் காத்த ஜாகா செத்துப்போனார். துக்க வீட்டில் எல்லோரும் தலையைக் குனிந்து நிற்கிறோம். அக்கா ஓசையில்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே என் காதில் சொன்னாள்: "அம்பத்தொம்பது வரிசை. வரிசைக்கு ஐந்நூத்தொம்பது. அந்த ஒரு சம்பந்தம்தான் இருக்கு. வாத்தியாரு பதின்மூணோட நின்னுட்டாரு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் போய் ஒரு மாதிரிச் சத்தம் வெளியே வந்தது. இறந்தவர் மேல் இவருக்கு இவ்வளவு பிரியமா என்று ஜாகாவின் மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

எப்படி அவ்வளவு பெரிய எண்ணைப் பிரித்தாய் என்று பிற்பாடு கேட்டேன். அவள் சூட்சுமம் சணலில் இருந்தது. இரண்டில் ஆரம்பித்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து, ஒண்டிக்கட்டை வரும்போதெல்லாம் ஒரு சணல் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு வந்திருக்கிறாள். புது எண் வந்தால் பழைய முடிச்சுகளில் இருக்கிற எண்களை வைத்து வரிசையாக வகுத்துப் பார்ப்பாள். எதுவரை வகுப்பது? அதற்கும் அட்டிக் கணக்குத்தான். "அகலம் நீளத்தத் தாண்டிருச்சுன்னா நிறுத்திரணும். அதுக்கு மேல போனா அதே அட்டியத் திருப்பி வச்சுப் பார்க்கிறதுதான்" என்றாள். கயிறு தலையளவு உருண்டையாக இருந்தது. பத்தாயிரத்துக்குள் மொத்தம் ஆயிரத்து இருநூற்று இருபத்தொன்பது முடிச்சு. அந்த ஆயிரத்து இருநூற்று இருபத்தொன்பதும் ஒண்டிக்கட்டைதான் என்று அவள் சொன்னபோது கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

பின்னால் கிட்டங்கி வேலையை விட்டுத் தங்கை வீட்டோடு இருக்கக் கெப்பாலா பத்தாஸ் பக்கம் போய்விட்டாள். உருண்டையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு படகேறினாள். முடிச்சு எதுவரை போனது என்று எனக்குத் தெரியாது. இனி அந்த அட்டிக் கதைக்கு வருகிறேன். வராமல் தப்பிக்கலாம் என்றுதான் இவ்வளவு சுற்றினேன்.

ரங்கூனிலிருந்து அரிசிக் கப்பல் வந்தது. கப்பல் காகிதத்தில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு மூட்டை. கப்பலிலிருந்து படகில் இறக்கி, படகிலிருந்து சுமைகூலிகள் தோளில் ஏற்றிக் கிட்டங்கிக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. மூட்டையைத் தோளில் ஏற்றும்போது படகை நடத்தும் தண்டல், கூலியின் கையில் ஒரு மூங்கில் குச்சி கொடுப்பார். கிட்டங்கிக் கதவைத் தாண்டும்போது கூலி அந்தக் குச்சியை என் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவான். எத்தனை குச்சியோ அத்தனை மூட்டை. குச்சிகளை நூறு நூறாகக் கட்டி வைப்பது கிராணி வேலை, அதாவது என் வேலை.

நாலு நாள் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் காலையில் நான் கட்டுகளை எண்ணினேன். தொண்ணூற்றொன்பது கட்டு, உதிரி எழுபத்து மூன்று. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. காகிதத்தைப் பார்த்தேன். இருபத்து மூன்று மூட்டை குறைகிறது. கையெழுத்துப் போட்டுக் கிட்டங்கித் துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நிமிஷம் வரை எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

துரை எழுந்து வந்து பிரம்பால் அட்டியை எண்ணினார். நீளத்தில் இருபத்தெட்டு மூட்டை, அகலத்தில் இருபத்தொன்று, உயரத்தில் பதினேழு. சிகரெட் டப்பாவின் பின்னால் பெருக்கினார். சரியாக ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. வெளியே பார்த்தால் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. என் கணக்கில் இருபத்து மூன்று குறைகிறது. அவர் பிரம்பால் அட்டியைத் தட்டி, "டாலாம் கோசோங்" என்றார். உள்ளே காலி என்று அர்த்தம். வழியில் இருபத்து மூன்று மூட்டையைக் கடத்திவிட்டு, தெரியாமலிருக்க நடுவில் பொந்து விட்டு அடுக்கியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். அட்டியைப் பிரித்துப் பார்க்கலாமா என்றால், பிரிக்க இரண்டு நாள், திரும்ப அடுக்க இரண்டு நாள், அடுத்த கப்பல் துறையில் நிற்கிறது. மெள்ள விற்றுப்போகும்போது பொந்து தானே வெளியே வரும், அதுவரைக்கும் கிராணியின் கணக்கே சாட்சி என்றார். அடுக்கின கூலிகளுக்குத் தலைவர் மண்டோர் காத்தமுத்து அண்ணன். அவரை ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு மாத்தா மாத்தா, அதாவது போலீஸ்காரர், வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

நான் அந்த வழியாகப் போனபோது மண்டோர் தலையை நிமிர்த்தி ஒன்றே ஒன்று கேட்டார். "கிராணியாரே, நல்லா எண்ணினீங்களா?"

"எண்ணாம இருப்பேனா அண்ணே" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

இந்த இடத்தில்தான் என் மூளை தனியாக ஒரு வேலை பார்த்தது. இருபத்து மூன்று மூட்டை அளவுக்குப் பொந்து என்றால், அதில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். படுக்கலாம் என்றால் ஒருவன் படுத்திருப்பான். கூட்டுக் களவாணி ஒருவன் உள்ளே இருக்கிறான். அவனைக் காட்டிக்கொடுத்தது என் கையெழுத்து. கிட்டங்கியில் தனியாக நிற்கும்போது, மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கியோடு வெளியே வருவான். அட்டிக்கு அருகில் போனேன். உள்ளேயிருந்து ஓர் உறுமல் கேட்டது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை, அது என் வயிறு. அந்த நேரத்தில் அதைக் கண்டுபிடிக்கிற நிலையில் நான் இல்லை. அப்போதுதான் அந்த "அண்ணே, உள்ள இருக்கீங்களா."

"யாருகிட்டப் பேசுறீங்க கிராணியாரே?" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல்.

சொன்னேன். பொந்து, ஆள், கொக்கி எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "நீங்க எழுதிக் குடுத்த எண் எது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூணு."

அவள் கை நின்றது. அவள் கை நின்று நான் பார்த்ததில்லை.

"அது ஒண்டிக்கட்டை" என்றாள். "பத்தாயிரத்துக்குள்ள கடைசி ஒண்டிக்கட்டை. போன மாசந்தான் முடிச்சுப் போட்டேன். அது வராது கிராணியாரே."

"அட்டிக்குள்ள பொந்து இருந்தா வரும்ல" என்றேன் நான், என் ஆளை விட்டுக்கொடுக்காமல்.

"அட்டிய விடுங்க. நடையப் பாருங்க. சுமந்தது எத்தனை பேரு?"

இருபத்தொரு பேர். அது மண்டோர் வைத்த முறை. இருபத்தொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து, அட்டியில் ஒரு அகல வரிசையைப் போட்டு முடித்துவிட்டு, வரிசையாகவே திரும்பிப் போவார்கள். ஆள் குறைந்தால் வரிசை குறையும், அட்டி சரியும். இரண்டாம் நாள் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. மண்டோரே தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அவன் இடத்தில் சுமந்தார். இதெல்லாம் எனக்கும் தெரியும். கதவோரம் உட்கார்ந்து நாலு நாளும் பார்த்தது அவள்.

"ஒவ்வொரு நடைக்கும் இருபத்தொண்ணு உள்ள வந்துச்சு. ஒரு நடையாவது கொறையல, கூடல. அப்படின்னா மொத்தம் இருபத்தொண்ணால சரியா வகுபடணும். காகிதத்துல இருக்கிறது வகுபடுது. நானூத்து எழுபத்தாறு நடை. அது பெரிய குடும்பஸ்தன், அத வகுக்க முப்பத்தாறு பேரு இருக்காங்க. உங்க எண்ண ஒருத்தராலயும் வகுக்க முடியாது. இருபத்தொரு பேரு சமமா நடந்து ஒண்டிக்கட்டை எப்படி வரும்? இருபத்து மூணு மூட்டை களவு போகணும்னா ஆளுக்கு ஒண்ணு போக இன்னும் ரெண்டு வேணும். அந்த ரெண்டு யாரு?"

நான் யோசித்தேன். அவள் சொன்னது புரிந்தது. புரிந்ததும் என் பொந்துக்குள் இருந்த ஆள் எழுந்து போய்விட்டான். அவன் போன இடத்தில் அவனைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. மூட்டையில் தப்பு இல்லை என்றால் குச்சியில் தப்பு. குச்சி என் பொறுப்பு.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் நான் மண்டோரை நினைக்கவில்லை. நாலு பிள்ளைகளை நினைத்தேன். வேலை போனால் மாமனார் என்ன பேசுவார் என்பதை வார்த்தை வார்த்தையாக நினைத்தேன். ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். பொந்து வெளியே வர இரண்டு மாதமாகும் அல்லவா. "குச்சி கடல்ல விழுந்திருக்கும் அக்கா" என்றேன்.

அவள் ஊசியைக் கோணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். பீப்பாய் மூடியைவிட்டு வேலை நேரத்தில் அவள் எழுந்ததும் அன்றைக்குத்தான். ஆபீஸை நோக்கி நடந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஓடினேன். அவளைத் தடுக்கவா, முந்திக்கொள்ளவா என்று கதவை எட்டும் வரை எனக்கே தெரியவில்லை.

உள்ளே துரையும் போலீஸ்காரரும், வாசல் பெஞ்சில் மண்டோரும் இருந்தார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். என் வாய் மலாயில் தானாகப் பேசியது. "துவான், துங்கு. சாயா பூஞா காயூ, கீரா சாத்து காலி லாகி." ஐயா, பொறுங்கள், என் குச்சிகளை இன்னொரு தடவை எண்ணுங்கள் என்று அதற்கு அர்த்தம். 

குச்சிக் கட்டுகள் இருந்த பெட்டியைத் திறந்தார்கள். பத்தாயிரம் குச்சியை ஒவ்வொன்றாக எண்ண சாயங்காலம் ஆகும் என்று துரை முகம் சுளித்தார். அக்கா இடுப்பிலிருந்து ஒரு சாண் சணலை எடுத்தாள். மேலே இருந்த கட்டைப் பிரித்து எண்ணி, நூறு என்று காட்டி, திரும்பக் கட்டி, அதைச் சுற்றிச் சணலால் ஒரு வளையம் போட்டு முடிச்சிட்டாள். பிறகு ஒவ்வொரு கட்டாக அந்த வளையத்துக்குள் நுழைத்து எடுத்தாள். நுழைந்தது, நுழைந்தது, நுழைந்தது. மண்டோர் பெஞ்சில் இருந்தபடியே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்தேன்.

முப்பத்தெட்டாவது கட்டு வளையத்தில் மாட்டிக்கொண்டது.

அக்கா அதைப் பிரிக்கவில்லை. மேஜைமேல், எனக்கு எதிரே வைத்தாள். "நீங்களே எண்ணுங்க கிராணியாரே" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசினது. துரைக்கு முன்னால் நின்று, ஒன்றிலிருந்து ஆரம்பித்து, உரக்க எண்ணினேன். முடிந்ததும் "சாயா பூஞா சாலா" என்றேன், தப்பு என்னுடையது என்று. துரை என் காகிதத்தைக் கிழித்தார். மண்டோர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த கப்பலுக்கு ஆள் சேர்க்கப் போனார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. வேலை போகவில்லை, ஆனால் குச்சி எண்ணும் பொறுப்பு போனது.

அந்தக் கட்டில் நூற்று இருபத்து மூன்று குச்சிகள் இருந்தன. இரண்டாம் நாள் காலையில் இருபத்து மூன்று வரை எண்ணி நிறுத்தி, தண்டலிடம் ஒரு சிரிப்புக் கதை சொல்லி முடித்துவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்தவன் நான்.